பிரான்ஸ் போய் ஃப்ரீலான்ஸ் பண்ற புள்ளைங்களுக்கு வரி விஷயத்த யாராவது சொல்லுங்க

மதிப்புக்குரிய ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

புதுச்சேரி முத்தியால்பேட்டைல இருந்து எழுதுறேன். எங்க தெருப் பையன் ஒருத்தன் அடுத்த மாசம் லியோனுக்கு மாஸ்டர்ஸ் படிக்கப் போறான், இந்திய பாஸ்போர்ட்தான், அவங்க அம்மா ஒரு காகிதத்த கொண்டாந்து காட்டுனாங்க, அனுப்பி வைக்கிற ஏஜென்ட் குடுத்தது, போய் எறங்குனதும் சொந்தமா சிரே நம்பர் (தொழில் பதிவு நம்பர்) எடுத்து மாசாமாசம் பில் போடு, ப்ராஜெக்ட் நாங்க தர்றோம், வரியெல்லாம் நாங்க பாத்துக்குறோம்னு அதுல இருக்கு. அதப் படிச்ச அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல ஐயா.

ஸ்டூடண்ட் விசால போறவங்க பிரான்ஸ்ல வருஷத்துக்கு 964 மணி நேரம் சம்பளத்துக்கு வேலை பாக்கலாம். சொந்தமா தொழில் பதிஞ்சு பில் போட அந்த விசா எடங்குடுக்காது. நாளைக்கு அங்க தங்குற அனுமதி கார்டு புதுப்பிக்கப் போறப்ப மாட்டிக்கிட்டு நிக்கப்போறது அந்தப் புள்ள, ஏஜென்ட் இல்ல.

எனக்கு விசா கஷ்டம் இல்ல. தாத்தா சொல்தாவா, அதாவது பிரெஞ்சு பட்டாளத்துல இருந்தவரு, 1962ல பிரெஞ்சு நாஷனாலிட்டின்னு எழுதிக் குடுத்தவரு. 2021ல பாரிஸ் பக்கத்துல போய் மைக்ரோ ஆந்த்ரப்ரனரா (தனியாள் சின்ன தொழில்) பதிஞ்சுக்கிட்டு வெப் டெவலப்பர் வேலை பாத்தேன். பதியறது சுலபம், ஆன்லைன்லயே முடிஞ்சிரும், காசு கூட கெடையாது, அதனாலதான் எல்லாரும் தைரியமா எறங்குறாங்க. ஆனா அப்போ 100 யூரோக்கு பில் போட்டா அதுல 22 யூரோ உர்சாஃபுக்கு, அதாவது சமூகப் பாதுகாப்புக்குக் காசு வசூலிக்கிற ஆபீசுக்கு, சந்தாவா போயிரும், வருமான வரியையும் கூடவே கட்டுற வழிய எடுத்தா இன்னொரு 2.20. இத லாபத்துல பிடிக்கறது இல்ல, வந்த மொத்த காசுல. லேப்டாப் வாங்குனேன், ட்ரெயின்ல போனேன்னு ஒரு செலவையும் கழிக்க முடியாது. ஒண்ணுமே வரலன்னாலும் பூஜ்ஜியம்னு போட்டு டிக்ளரேஷன் குடுத்தே ஆகணும். அந்த சந்தா சதவீதமும் 2024 ஜூலைல இருந்து படிப்படியா ஏறிடுச்சு.

என் மொத பெரிய கிளையண்ட் பெல்ஜியம் கம்பெனி. பில் அனுப்புனா திரும்பி வந்துருச்சு, உன் வாட் நம்பர் எங்கன்னு. வாட்னா அங்க நம்ம ஜிஎஸ்டி மாதிரி ஒரு வரி. நான் வாட் வாங்காத சின்ன தொழில், எனக்கு எதுக்கு நம்பர்னு நெனச்சிருந்தேன். ஐரோப்பிய யூனியனுக்குள்ள வேற நாட்டுக் கம்பெனிக்கு சர்வீஸ் பண்ணா வாட்ட அந்தக் கம்பெனியே அதோட நாட்டுல கட்டிக்கும், சரிதான், ஆனா அதுக்கு நம்ம நம்பரும் பில்லுல இருக்கணும், அடுத்த மாசம் கஸ்டம்ஸுக்கு ஒரு சர்வீஸ் டிக்ளரேஷனும் போடணும். இது தெரியாம ரெண்டு மாச வாடகைய கடன் வாங்கிக் கட்டுனேன்.

பெரிய அடி அதுக்கப்புறம்தான் வந்துச்சு. 2023 செப்டம்பர் மொத வாரம் அப்பாவுக்கு ஒடம்பு முடியலன்னு ஊருக்கு வந்தவன் இங்கயே தங்கிட்டேன். வேலை விடல, மாடில உக்காந்து அதே சிரே நம்பர்லயே பில் போட்டேன். அங்க என் கணக்கு பாத்துக்கிட்டு இருந்தவரு சொன்னாரு, பாஸ்போர்ட் பிரெஞ்சு, கிளையண்ட் பெல்ஜியம், அக்கவுண்ட் பாரிஸ்ல, இந்தியாவுக்கு இதுல ஒரு சம்பந்தமும் இல்லன்னு. நானும் நம்பிட்டேன். நம்ம ஊர்ல நெறைய பேரு இன்னைக்கும் இப்படித்தான் நம்புறாங்க, அதுக்காகத்தான் இவ்ளோ நீளமா எழுதுறேன். வரி நம்ம பாஸ்போர்ட்டப் பாத்து வர்றது இல்ல ஐயா, எங்க குடியிருக்கோம், எங்க உக்காந்து வேலை பாக்குறோம்னு பாத்துதான் வருது. ஏப்ரல்ல இருந்து மார்ச்சுக்குள்ள 182 நாள் இங்க இருந்துட்டா இந்தியாவுல ரெசிடென்ட், அதுக்கப்புறம் சாதாரண ரெசிடென்ட்டா ஆயிட்டோம்னா உலகத்துல எந்த மூலைல சம்பாதிச்சாலும் இங்க காட்டணும், வெளிநாட்டுல ரொம்ப வருஷம் இருந்துட்டு வந்தவங்களுக்கு மட்டும் கொஞ்ச காலம் சலுகை உண்டு, ஆனா இங்க உக்காந்து பாத்த வேலைக்கு அந்த சலுகையும் கெடையாது. பிரான்ஸ்ல வருஷக்கணக்கு ஜனவரில இருந்து டிசம்பர், நமக்கு ஏப்ரல் டு மார்ச், நடுவுல ஊர் மாறுறவங்க இந்த எடத்துலதான் தடுக்கி விழறாங்க. எனக்கு அந்த மார்ச்சுக்குள்ள 200 நாளுக்கு மேல ஆயிருந்துச்சு.

கடைசில மஞ்சக்குப்பத்துல ஒரு ஆடிட்டர் அம்மாதான் பொறுமையா உக்காந்து பிரிச்சு சொன்னாங்க. ரெண்டு நாட்டுக்கும் இரட்டை வரி ஒப்பந்தம் இருக்கு, நியாயமா அங்க கட்ட வேண்டியிருந்த வருமான வரின்னா அதுக்குன்னு இருக்கற படிவத்தப் போட்டு இங்க கழிக்கலாம், ஆனா உர்சாஃபுக்குக் கட்டுன சந்தாவுக்கு அந்தக் கழிவு கெடையாதுன்னாங்க. அதுல வர்ற மருத்துவ காப்பீடு அங்க குடியிருக்கறவங்களுக்கு, நான் இங்க இருக்கேன். பிரான்ஸ்ல தொழில நிறுத்துன 30 நாளுக்குள்ள அந்த சிரே நம்பர மூடியிருக்கணும், அத எனக்கு ஒருத்தரும் சொல்லல. அந்தக் காச நெனச்சா இப்பவும் வயிறு எரியுது, எங்க அப்பா ஆஸ்பத்திரி செலவுக்கு ஆகியிருக்கும்.

இப்ப இந்தியக் கணக்குலயே பில் போடுறேன். தகுதியான தொழிலா இருந்தா வரவுல பாதிய வருமானமா காட்டி வரி கட்டுற வழி நமக்கு உண்டு. வருஷத்துக்கு 20 லட்சம் தாண்டுனா ஜிஎஸ்டி பதியணும், ஏற்றுமதிதானே வேணாம்னு விட்டுறக் கூடாது, எல்யுடின்னு ஒரு உறுதிமொழிய வருஷாவருஷம் போட்டுட்டா வரி கட்டாமலே பில் அனுப்பலாம். எஸ்டோனியா இ-ரெசிடென்சி எடுத்தா வரியே இல்லன்னு சுத்துற பேச்சையும் நம்பாதீங்க, அது கம்பெனி தொறக்க உதவுற டிஜிட்டல் அட்டை, நீங்க எந்த நாட்டுல வரி கட்டணும்னு அது மாத்தாது.

அங்கயே முறையான பெர்மிட்டோட இருக்கறவங்க சொந்தமா கிளையண்ட் தேடி வேலை பாக்கறதா இருந்தா போர்ட்டாஜ் சலாரியல் பத்தி விசாரிங்க, நடுவுல ஒரு கம்பெனி நம்மள சம்பளத்துல வச்சுக்கிட்டு கிளையண்ட்டுக்கு பில் போடுற ஏற்பாடு அது. கமிஷன் போகும், ஆனா சம்பள ரசீது வரும், சந்தாவ அந்தக் கம்பெனியே கட்டும், வேலை போனா படி கூட கெடைக்கும்.

ஐயா, வாரத்துக்கு ஒரு நாள் கால் பக்கம் ஒதுக்கி, ரெண்டு ஊர் சட்டமும் தெரிஞ்ச ஒரு ஆடிட்டர வச்சு வாசகர் கேள்விக்குப் பதில் போடுங்க. குருசுகுப்பம், லாஸ்பேட்டை, கடலூர்னு வீட்டுக்கு ஒரு புள்ள அங்க இருக்குது. அந்த லியோன் பையனுக்கு டிக்கெட் போட்டாச்சு, அவங்க அம்மா உங்க பேப்பர்தான் படிக்கறாங்க, அவன் கெளம்பறதுக்குள்ள இந்தக் கடிதமாவது வந்துரணும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி