ரோச்சோர் கால்வாய்ப் பாலத்துக்கு ஒரு சனிக்கிழமை நடை

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். போன சனிக்கிழமை வகுப்பு முடிந்து, தொடக்கநிலை மூன்று பிள்ளைகள் சிலரோடு சிங்கப்பூரின் தேக்கா பக்கம் ரோச்சோர் கால்வாய்ப் பாலத்தைக் கடந்துகொண்டிருந்தேன். ஒரு பையன் தன் பாக்கெட் பானத்தின் உறிஞ்சுகுழலைக் கம்பி இடுக்கில் கீழே போட்டான். "ஏனப்பா?" என்றேன். "லோங்காங்தானே டீச்சர்" என்றான், வெறும் சாக்கடைதானே என்பதுபோல.

அவனைக் கோபித்துக்கொள்ள மனம் வரவில்லை. வீட்டில் பெரியவர்களும் அப்படித்தானே சொல்கிறோம். இருவரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தக் குழலையே பார்த்தோம். ஒரு சுற்றுச் சுற்றி, கரையோரப் பாசியில் கொஞ்ச நேரம் சிக்கி, மறுபடி கிளம்பியது. "இப்ப அது எங்க போகும் டீச்சர்?"

அந்தக் கேள்விதான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது. இந்தத் தண்ணீர் காலாங் பக்கம் போய், மரினா நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. 2008இல் மரினா அணைக்கட்டு வந்தபின் கடல்நீர் உள்ளே புகுவதில்லை. தேங்கும் நன்னீர் சுத்திகரிக்கப்பட்டு நம் வீட்டுக் குழாய்க்கு வருகிறது. இதைச் சொன்னதும் பையன் தன் தண்ணீர் பாட்டிலை ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் வடிநிலத்தையும் துப்புரவாக்க 1977 முதல் 1987 வரை பத்து ஆண்டுகள் பிடித்தன. அதற்கு முன் இந்தப் பக்கம் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தவர்கள் உங்கள் வீட்டிலேயே இருப்பார்கள். 2015இல் இக்கால்வாயின் 1.1 கிலோமீட்டர் நீளம் செடிகொடிகளும் நடைபாதையுமாகப் புதுப்பொலிவு பெற்றது.

நம் பேட்டையின் பெயர்களும் இந்தக் கரையில் முளைத்தவைதாம். கால்வாயோரம் மூங்கில் வளர்ந்ததால் ஹொக்கியன் மொழியில் 'மூங்கிலடி' என்று சொல்லப்போய்த் தேக்கா ஆனது. தண்ணீரும் புல்லும் இருந்ததால் மாட்டு வியாபாரிகள் வந்தார்கள். நம் பிள்ளைகள் பலர் பிறந்த கேகே மருத்துவமனையின் அந்த இரண்டு எழுத்துகள் 'கண்டாங் கெர்பாவ்', அதாவது எருமைத் தொழுவம்! தோபிகாட்டில் நம்மவர்கள் துணி வெளுத்த ஓடை இன்று ஸ்டாம்ஃபர்ட் கால்வாயாகப் பூமிக்கடியில் ஓடுகிறது. ரோச்சோராவது இன்னும் கண்ணெதிரே ஓடுகிறதே என்று எனக்கு ஓர் ஆறுதல். அதைப் பிள்ளைகள் பார்க்காமலே கடந்து போவதுதான் வருத்தம்.

ஆகவே, வரும் சனிக்கிழமை காலை 9.30 மணிக்கு எல்லா வகுப்புகளும் அந்தப் பாலத்துக்கு நடந்து போகின்றன. பாலத்தில் அரை மணி நேரம் நின்று பார்ப்போம். வாய்க்கால், கரை, மதகு, கழிமுகம் என்ற சொற்களை அங்கேயே சொல்லிக்கொடுக்க ஆசிரியர்கள் ஆயத்தமாகிறார்கள். அந்தக் காலக் கரையைக் கண்ட தாத்தா பாட்டி யாராவது கூட வந்து இரண்டு வார்த்தை பேசினால் எங்கள் பாடத்தைவிட அது நன்றாக இருக்கும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். யாரும் தண்ணீரை ஒட்டி இறங்கக்கூடாது. சுற்றியுள்ள சாலைகளின் மழைநீர் அத்தனையும் இங்கேதான் விழுகிறது. நல்ல மழையில் சில நிமிடங்களிலேயே நீர்மட்டம் ஏறிவிடும். வானம் கறுத்தால் நடை கிடையாது, வகுப்பறைதான்.

தொப்பி, காலணி, தண்ணீர் பாட்டில் போதும். ஒப்புதல் சீட்டை வியாழனுக்குள் அனுப்பிவிடுங்கள். தாத்தாவோ பாட்டியோ வருவதாக இருந்தால் அதையும் சீட்டில் எழுதுங்கள். அவர்கள் உட்கார மடக்கு நாற்காலி எடுத்து வருகிறோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்