தம்பிக்கு, கான் தண்ணி பத்தி

தம்பி,

மூணு வாரமா வாய்ஸ் மெசேஜ் போட்டுட்டு இருக்கேன், நீல டிக் மட்டும்தான் வருது. வேலை இருக்கும், புரியுது. சரவாக்ல நீ இருக்குற சிபு பக்கம் மழையே இல்லன்னு மாமா சொன்னாரு, அதான் எழுதுறேன். உன் செம்பனை தோட்டத்து கான்ல, அந்த வாய்க்கால்ல, தண்ணி எவ்ளோ நிக்குதுன்னு தினமும் பாக்குறியா?

அம்மாவுக்கு முட்டி வலி பரவால்ல. பாப்பா பரிட்சை எழுதிட்டா.

கம்புட் மண்ண, அந்த சதுப்பு நில கரி மண்ண, சாதா மண்ணா நினைக்காதப்பா. அதுல பத்துல ஒம்போது பங்கு தண்ணி, மிச்சம் நாலாயிரம் அஞ்சாயிரம் வருஷமா மக்காம கெடந்த வேரும் கட்டையும்தான். தண்ணிக்குள்ள காத்து போகாததாலதான் அது மக்கல. கான் வெட்டி தண்ணிய எறக்குனா காத்து உள்ள போயிடும், கிருமியெல்லாம் திங்க ஆரம்பிச்சுடும், அவ்ளோ காலம் பூட்டி வச்ச கார்பன் கண்ணுக்கு தெரியாமலே போயிட்டு இருக்கும், மண்ணும் கூடவே உக்காந்துடும். மொத அஞ்சு வருஷத்துலயே 1 மீட்டருக்கு மேல எறங்கும், அப்பறம் வருஷத்துக்கு 5 சென்டிமீட்டர் கிட்ட. நம்ம பழைய வீட்டு வாசப்படி ரெண்டா இருந்தது நாலாச்சே, வீடா ஒசந்துச்சு? செம்பனையெல்லாம் சாஞ்சு நின்னதும் அதனாலதான்.

நம்ம குடும்பத்துல அசிஸ்டன்ட் மேனேஜர் ஆன மொத ஆளு நீ, கோயில்ல பாக்குறவங்ககிட்டயெல்லாம் சொல்லிட்டு இருக்கேன். ஆனா அன்னிக்கு "உங்களுக்கு தெரியாதுப்பா"ன்னு போன வச்சிட்ட. முப்பது வருஷம் கான் வெட்டுனவனுக்கு தண்ணி தெரியாதா?

மண்ணுக்கு கீழ 40ல இருந்து 60 சென்டிமீட்டருக்குள்ள தண்ணி நிக்கணும். மேல வந்தா வேர் அழுகும், கீழ போனா மண்ணு காயும். ஒருவாட்டி நல்லா காஞ்சுட்டா மழை பெஞ்சாலும் வாங்காது, முத்து முத்தா உருண்டு ஓடிடும். அப்ப நெருப்பு புடிச்சா அடியிலயே ஊர்ந்து போகும், மேல எவ்ளோ ஊத்துனாலும் அணையாது. மேலிடத்துல என்ன சொன்னாலும் கான்ல தடுப்ப தொறக்காத. தண்ணிய பாத்துக்கோ.

போனவாட்டி பேசுனப்போ நடுவுல நடுவுல நிறுத்துன. லைன் சரியில்லன்னு சொன்ன.

2005 ஆகஸ்ட்ல கோல சிலாங்கூர்ல புகைமூட்டத்துல காத்து மாசு குறியீடு 500 தாண்டி எமர்ஜென்சி போட்டாங்க, உனக்கு ஏழு வயசு. அதுக்கு முந்தின வாரமே ஈப்போ பெரியம்மா வீட்டுக்கு உன்ன கூட்டிட்டு போயிடலாம்னு அம்மா கெஞ்சினா. ஓவர்டைம் இருக்குன்னு நான்தான் போகல. என்ன ஓவர்டைம்னு உன்கிட்ட இதுவரைக்கும் சொன்னதில்ல. பெரிய கான இன்னும் ஆழமா தோண்டச் சொன்னாங்க, தோண்டுனேன். சுமத்ராவுல கம்புட் எரிஞ்சு அந்தப் புகை உன் நெஞ்சுல எறங்குது, நான் இங்க அதே மண்ண காய வச்சுட்டு இருந்திருக்கேன். ராத்திரி நீ மூச்சு வாங்குனது பக்கத்துல படுத்திருந்த எனக்கு கேட்டுச்சுப்பா. கேட்டுட்டேதான் காலையில வேலைக்கு போனேன்.

பார்சல் அனுப்பியிருக்கேன், மிக்சர் பாக்கெட்டுக்கு கீழ இன்ஹேலர் ரெண்டு இருக்கு. பேச வேணாம், தினமும் கான் தண்ணி எத்தன சென்டிமீட்டர்னு அந்த நம்பர மட்டும் அனுப்பு.

அப்பா