சாய்ஸ் பட்டியலை நிரப்பும் முன்

அன்புள்ள கயல்விழிக்கு,

அம்மா எழுதுவது. நேற்று நீ அனுப்பிய பொறியியல் கவுன்சலிங் ரேங்க் விவரத்தின் படத்தை, வார்டில் ஓய்வு கிடைத்தபோதெல்லாம் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அதன் பிறகு தொலைபேசியில் நீ அதிகம் பேசவில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து பள்ளியில் முதல் இரண்டு இடங்களை விட்டு இறங்காத பெண்ணுக்கு, மாநிலப் பட்டியலில் தனக்கு முன்னால் அத்தனை ஆயிரம் பேர் நிற்பதைப் பார்த்தால் மனம் சுருங்கத்தான் செய்யும். பேசினால் நீ அழுவாய், நீ அழுதால் எனக்குச் சொல்ல வந்தது மறந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

பள்ளியில் நீ எத்தனையாவது இடம் என்பதைப் பொறியியல் கவுன்சலிங்கில் யாரும் கேட்பதில்லை, கயல். கணக்கில் நீ வாங்கிய 94 அப்படியே சேர்கிறது; இயற்பியலின் 88-உம் வேதியியலின் 87-உம் பாதியாகச் சேர்கின்றன. 94, 44, 43.5 ஆகியவற்றைக் கூட்டி 200-க்கு 181.5. இதைத்தான் கட்-ஆஃப் என்கிறார்கள். தமிழில் நீ வாங்கிய 98 எனக்குப் பெருமை. ஆனால் இந்தக் கூட்டலில் அதற்கு இடமில்லை. உன்னைவிட மொத்த மதிப்பெண்ணில் பின்தங்கிய உன் தோழி கட்-ஆஃபில் உன்னைத் தாண்டியது இதனால்தான். உன் உழைப்பு எங்கும் குறைந்துவிடவில்லை.

இனி கல்லூரிகளைத் தேடும்போது கட்-ஆஃபை வைத்துத் தேடாதே, ரேங்கை வைத்துத் தேடு. அக்கம்பக்கத்தில் ஒவ்வொருவரும் "181-க்கு அந்தக் கல்லூரி கிடைக்கும், இது கிடைக்காது" என்று சொல்வார்கள். ஒரு வருடம் வினாத்தாள் எளிதாக அமைந்து நிறையப் பேர் சதம் அடித்துவிட்டால், அதே 181 பல ஆயிரம் இடங்கள் கீழே போய்விடும். 2021-இல் கொரோனாவால் பொதுத்தேர்வே நடக்காமல், பத்தாம் வகுப்பு, பதினொன்றாம் வகுப்பு மதிப்பெண்களையும் சேர்த்துக் கணக்கிட்டார்கள். அந்த ஆண்டின் கட்-ஆஃபை மற்ற ஆண்டுகளோடு ஒப்பிடுவதில் பொருளே இல்லை. ஒரு கல்லூரியில் ஒரு பிரிவின் கடைசி இடம் எந்த ரேங்கோடு முடிந்தது என்பதோ அவ்வளவு எளிதில் பெரிதாக மாறுவதில்லை. கவுன்சலிங் இணையதளத்தில் கல்லூரி வாரியாக, பாடப்பிரிவு வாரியாக, சமூக வாரியாக அந்த விவரம் இருக்கிறது. கடைசி மூன்று ஆண்டுகளை எடுத்து ஒரு நோட்டில் எழுது. நமது சமூகத்துக்கான பத்தியை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடாதே. 31 விழுக்காடு இடங்கள் பொதுப்போட்டிக்கு உரியவை, அவற்றில் உனக்கும் உரிமை உண்டு.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வரிசையைப் பற்றி. "கிடைக்காததை எழுதி ஏமாறுவதற்குப் பதிலாக, கிடைப்பதை மட்டும் எழுதிவிடுகிறேன்" என்று நேற்று நீ சொன்னது என்னைத் தூங்கவிடவில்லை. 2002-இல் உன் மாமா கவுன்சலிங்குக்குப் போனபோது எல்லாம் நேரில்தான். அப்போது நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணையும் சேர்த்து 300-க்குக் கணக்கு. கிண்டியில் வரிசையில் உட்கார்ந்து, திரையில் இடங்கள் ஒவ்வொன்றாகக் குறைவதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் முறை வருவதற்குள் எழுதிக்கொண்டு போயிருந்த நான்கு கல்லூரிகளும் நிரம்பிவிட்டன. ஐந்தாவதாக ஒன்றை யோசித்து வைத்திருக்கவில்லை. பக்கத்தில் இருந்த யாரோ சொன்ன ஒரு பெயரைச் சொல்லிவிட்டு வெளியே வந்தான். அந்தக் கல்லூரியில் ஆய்வகம் என்ற பெயரில் இருந்த அறையை நானே போய்ப் பார்த்தேன். நான்கு வருடமும் அவன் முகத்தில் தெளிவே இல்லை.

இப்போது நடப்பது அப்படியல்ல. 2018 முதல் எல்லாம் இணையவழி. உன் சுற்றில் இருப்பவர்கள் அனைவரும் ஒரே நாட்களில் விருப்பங்களைப் பதிகிறார்கள். பிறகு ரேங்க் வரிசைப்படி ஒவ்வொருவரின் பட்டியலையும் மேலிருந்து கீழாகப் பார்த்து, முதலில் காலியாக இருக்கும் இடத்தைக் கணினி ஒதுக்குகிறது. ஆகவே எட்டாத கல்லூரியை முதலில் எழுதுவதால், எட்டக்கூடியது உன் கையைவிட்டுப் போவதில்லை; ஆனால் எட்டக்கூடியதை மேலே எழுதிவிட்டால், அதற்குக் கீழே உள்ள நல்ல இடம் காலியாக இருந்தாலும் உனக்கு வராது. எத்தனை விருப்பம் வேண்டுமானாலும் எழுதலாம். உன் ரேங்கைவிட முன்னால் முடிந்தவை சில, உன் ரேங்கை ஒட்டி முடிந்தவை நிறைய, மிகவும் பின்னால் முடிந்தவை சில என்று தாராளமாக எழுது. எவை பட்டியலுக்குள் வரலாம் என்பதை ரேங்க் சொல்லட்டும். அவற்றுள் எது முதலில் என்பதை உன் ஆசைதான் சொல்ல வேண்டும்.

கம்ப்யூட்டர் சயின்ஸைத் தவிர வேறு எதையும் எழுதக் கூடாது என்று அப்பா சொல்வதை அறிவேன். அவருடைய கவலையும் நியாயமானதுதான். ஆனால் ஒரே கல்லூரியில் பெரும்பாலும் கம்ப்யூட்டர் பிரிவு முதலில் நிரம்புகிறது. மின்னியலும் இயந்திரவியலும் கட்டுமானவியலும் பின்னால் போகின்றன. அதனால் உன் ரேங்குக்குக் கம்ப்யூட்டர் மட்டும்தான் என்று பிடிவாதமாக நின்றால், கல்லூரியின் தரத்தில் பல படிகள் இறங்க வேண்டியிருக்கும். தோட்டத்து மோட்டாரைப் பிரித்துப்போட்டுக்கொண்டு நீயும் அப்பாவும் விடிய விடிய உட்கார்ந்திருந்த நாட்களை நான் மறக்கவில்லை. கோயம்புத்தூர் அரசு தொழில்நுட்பக் கல்லூரியின் (ஜிசிடி) மின்னியல் பிரிவை மேலே எழுது, கிடைக்காவிட்டால் நஷ்டமில்லை. திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியும் காரைக்குடி அழகப்பச் செட்டியார் கல்லூரியும் அதற்கு அடுத்து வரட்டும். கட்டணம் குறைவான அரசுக் கல்லூரிகள் என்பது மட்டும் காரணமல்ல. நெல்லை என்றால் வார இறுதியில் ஆச்சி கையால் சாப்பிடலாம். ஆனாலும் இது என் எண்ணம்தான். உண்மையாகவே நிரல் எழுதுவதில் உனக்கு ஆசை இருந்தால் அப்பாவின் பக்கம் நானும் நிற்கிறேன்.

தனியார் கல்லூரிகளை எழுதுமுன், அண்ணா பல்கலைக்கழகம் பருவந்தோறும் வெளியிடும் தேர்ச்சி விழுக்காட்டைப் பார். தேசிய தரவரிசைக்காகக் கல்லூரிகள் கொடுக்கும் அறிக்கையில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, இடைநிலைச் சம்பளம், அதாவது எல்லோருடைய சம்பளத்தையும் வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது, என்ன என்பவையும் இருக்கும். விளம்பரப் பலகையில் ஒரே ஒரு மாணவரின் பெரிய சம்பளத்தைப் போடுகிறவர்கள், அந்த இடைநிலைச் சம்பளத்தை அங்கே போடுவதில்லை. ரிசல்ட் வந்த நாளிலிருந்து வீட்டுக்குத் தொலைபேசியில் அழைக்கும் ஏஜென்ட்டுகளிடம் அசல் சான்றிதழ் ஒன்றைக்கூடக் கொடுக்காதே. நான் படித்தது டிப்ளமோதான் என்பதால் உனக்கு உள்ள முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகையும், கல்லூரியே கவுன்சலிங்குக்கு வெளியே நிரப்பும், அவர்கள் சொல்கிற மேனேஜ்மென்ட் சீட்டில் கிடைக்காது.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் குறிப்பிட்ட நாட்களுக்குள் உறுதி செய்ய வேண்டும். வந்த இடம் ஓரளவு பிடித்திருந்து, அதற்கு மேலே எழுதியவற்றிலும் ஆசை இருந்தால், ஏற்றுக்கொண்டு மேல்விருப்பத்துக்குக் காத்திருக்கும் வழியைத் தேர்ந்தெடு. மேலே உள்ள இடம் கிடைத்துவிட்டால் பழைய இடம் போய்விடும். அதனால் உண்மையில் விரும்பாத எதையும் மேலே விட்டுவைக்காதே. கட்டணம் கட்டும் கடைசி நாளைக் காலண்டரில் வட்டமிட்டு வை. பணத்தை இந்த வாரமே அப்பாவின் கணக்குக்கு அனுப்பிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை எனக்கு விடுமுறை. பட்டியலை முதலில் நோட்டில் எழுதிப் படம் எடுத்து அனுப்பு. வரிசை வரிசையாக இருவரும் சேர்ந்து படித்துவிட்டு, பிறகு பதியலாம். இங்கே மஸ்கட்டில் மணி ஒன்பது ஆனதும் கூப்பிடுகிறேன். அங்கே பத்தரை. சாப்பிட்டுவிட்டு உட்கார்.

அன்புடன்,
அம்மா