எஃப்/2 தொலைநோக்கிக்குப் பொருந்தும் என்று விற்கப்பட்ட ஃபில்டர் குறித்த புகார்

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர்,
அம்பத்தூர், சென்னை.
(பெயர், முகவரி, ஆர்டர் எண், பணம் செலுத்திய ரசீது ஆகியவை இணைப்பில் உள்ளன.)

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
ஒளியியல் கருவிகள் விற்பனைப் பிரிவு.

பொருள்: விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத 3 நானோமீட்டர் இரட்டைப்பட்டை ஃபில்டரைத் திரும்பப் பெற்றுக்கொண்டு பணத்தைத் தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். தங்கள் இணையக் கடையில் நான் வாங்கிய இரட்டைப்பட்டை ஃபில்டர் (நெபுலா எனப்படும் விண்வெளி வாயு மேகங்கள் ஒளிரும் இரண்டு நிறங்களை மட்டும் விட்டு, மற்ற ஒளியைத் தடுப்பது), அதன் விற்பனைப் பக்கத்திலும் பெட்டியின் மேலும் அச்சிடப்பட்டிருக்கும் வாக்குறுதிப்படி வேலை செய்யவில்லை. இதைப் பற்றித் தங்கள் வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு நான் எழுதிய கடிதங்களுக்கு வந்த பதில்கள், நான் சுட்டிய குறையை விட்டுவிட்டு என் ஊரின் வானத்தையே குறை கூறுகின்றன. ஆகவே இந்தக் கடிதத்தைத் தங்கள் பார்வைக்கு நேரடியாக அனுப்புகிறேன். "எஃப்/1.8 முதல் எஃப்/10 வரை அனைத்துத் தொலைநோக்கிகளுக்கும் ஏற்றது, ஒளி மாசு மிகுந்த நகரங்களுக்கென்றே வடிவமைக்கப்பட்டது" என்பதே அந்த வாக்குறுதி. (எஃப் எண் என்பது தொலைநோக்கியின் குவியத்தூரத்தை அதன் வாயின் விட்டத்தால் வகுத்தால் வரும் குவிய விகிதம். எண் சிறிதானால் தொலைநோக்கி வேகமானது, அதாவது குறைந்த நேரத்தில் படம் பதியும்.) அதன் முதல் பாதி உண்மையல்ல என்பதைக் கீழே காட்டுகிறேன். முதல் பாதி பொய்த்துவிட்டால் இரண்டாம் பாதியாலும் என்னைப் போன்றவருக்குப் பயன் இல்லை.

என்னிடம் இருப்பது ரோ-ஆக்கர்மான் ஷ்மிட் வகையைச் சேர்ந்த 8 அங்குலத் தொலைநோக்கி. அதன் வாய் 203 மில்லிமீட்டர், குவியத்தூரம் 400 மில்லிமீட்டர், குவிய விகிதம் எஃப்/2. இவ்வகைத் தொலைநோக்கியில் கண்ணை வைத்துப் பார்க்க வழியில்லை. கேமராவைக் குழாயின் முன்வாயில், நட்ட நடுவில் பொருத்த வேண்டும். அந்த இடத்தில் ஃபில்டர் சக்கரம் ஒன்றை வைத்தால் அதுவே உள்ளே வரும் ஒளியை மறைத்துவிடும் என்பதால், இதை வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் வண்ணக் கேமராவையும், ஹைட்ரஜன் ஆல்ஃபா, ஆக்ஸிஜன் ஆகிய இரண்டு நிறமாலைக் கோடுகளையும் ஒரே நேரத்தில் விடும் ஒற்றை ஃபில்டரையும்தான் பயன்படுத்துகிறார்கள். இரட்டைப்பட்டை ஃபில்டரை வாங்க வருபவர்களில் வேகத் தொலைநோக்கிக்காரர்கள் கணிசமானவர்கள் என்பது தங்களுக்குத் தெரியாமல் இருக்க முடியாது. விற்பனைப் பக்கத்தில் முதல் படமாகத் தாங்கள் வைத்திருப்பதே முன்வாயில் கேமரா பொருத்திய ஒரு குழாயின் படம்தான்.

சென்னையில் இருந்துகொண்டு எஃப்/2 ஏன் என்று கேட்கலாம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, கடல் ஈரம் வானத்தை வெள்ளையாக்கும் கோடை வருவதற்குள் கிடைக்கும் தெளிந்த இரவுகள் குறைவு. எஃப்/6 தொலைநோக்கி ஒரு நெபுலாவின் படத்துக்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தில் ஒன்பதில் ஒரு பங்கு எஃப்/2-க்குப் போதும். அடுத்தது தெருவிளக்கு. சோடியம் விளக்குகள் எரிந்த காலத்தில் அவற்றின் ஒளி பெரும்பாலும் 589 நானோமீட்டரை ஒட்டியே இருந்ததால், சாதாரண ஒளி மாசு ஃபில்டரே அதை ஓரளவு வெட்டிவிடும். 2015-இல் மத்திய அரசின் தெருவிளக்குத் திட்டம் தொடங்கிய பிறகு நாடெங்கும் பரவிய எல்இடி விளக்குகளின் ஒளியோ நீலம் முதல் சிவப்பு வரை எல்லா அலைநீளத்திலும் விரிந்து கிடக்கிறது. அதை வெட்ட ஒரே வழி, நெபுலா ஒளிரும் கோட்டைச் சுற்றி மிகக் குறுகிய ஒரு சன்னலை மட்டும் திறந்துவைத்து மற்ற அனைத்தையும் அடைப்பதுதான். 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான கண்ணுறு ஒளியில் இரண்டு 3 நானோமீட்டர் சன்னல்கள் என்றால், நகரத்தின் ஒளியில் நூற்றில் இரண்டு பங்குதான் உள்ளே வரும். நாற்பதாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்துத் தங்கள் ஃபில்டரை நான் வாங்கியது இந்தக் கணக்கை நம்பித்தான். இந்தக் கணக்கில் இப்போதும் பிழை இல்லை.

பிழை இருப்பது கோணத்தில். இத்தகைய ஃபில்டர்கள் நிறக் கண்ணாடிகள் அல்ல. பல மெல்லிய படலங்களை அடுக்கி, அவற்றுக்கிடையே ஒளி அலைகள் குறுக்கிடுவதால் வேலை செய்பவை. ஒளி நேராக விழுந்தால் ஒரு அலைநீளத்தையும், சாய்ந்து விழுந்தால் அதைவிடக் குறைந்த அலைநீளத்தையும் அவை விடும். அதாவது சாய்வு கூடக்கூட சன்னல் நீலப் பக்கம் நகரும். எஃப்/2 தொலைநோக்கியின் விளிம்பிலிருந்து வரும் கதிர் ஏறத்தாழ 14 பாகை சாய்ந்து வந்து ஃபில்டரில் விழுகிறது. அந்தக் கோணத்தின் சைன் மதிப்பை ஃபில்டரின் பயனுறு ஒளிவிலகல் எண்ணால் வகுத்து, வர்க்கப்படுத்தி, ஒன்றிலிருந்து கழித்து, வர்க்கமூலம் எடுத்தால் வரும் பின்னத்தால் மைய அலைநீளத்தைப் பெருக்க வேண்டும் என்பது ஒளியியல் பாடநூலில் உள்ள சூத்திரம். ஒளிவிலகல் எண்ணை 2 என்று வைத்துக்கொண்டால், 656.3 நானோமீட்டரில் உள்ள ஹைட்ரஜன் ஆல்ஃபா சன்னல் விளிம்புக் கதிர்களுக்கு ஏறத்தாழ 4.8 நானோமீட்டர் நகர்ந்துவிடுகிறது. நடுவில் கேமரா மறைப்பதால் நேராக வரும் கதிர்களே இந்தத் தொலைநோக்கியில் கிடையா. கேமராவின் ஓரத்தை ஒட்டி வரும் கதிர்களுக்கே ஒரு நானோமீட்டருக்குச் சற்று அதிகமான நகர்வு உண்டு.

தங்கள் சன்னலின் அகலம் 3 நானோமீட்டர். அதாவது நடுவிலிருந்து இருபுறமும் ஒன்றரை. ஒன்றரைக்கு மேல் நகர்ந்த கதிர்களுக்கு நெபுலாவின் கோடு சன்னலுக்கு வெளியே போய்விடுகிறது. பரப்பைக் கணக்கிட்டால், என் தொலைநோக்கி சேகரிக்கும் ஹைட்ரஜன் ஆல்ஃபா ஒளியில் பத்தில் ஒரு பங்கு அளவே கேமராவை அடைகிறது. ஆக்ஸிஜன் கோட்டில் நகர்வு கொஞ்சம் குறைவு என்பதால் அங்கே ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகத் தப்பிக்கிறது. நான் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தும் 7 நானோமீட்டர் ஃபில்டரில் இதே கணக்கைப் போட்டால் ஹைட்ரஜன் ஒளியில் பத்தில் ஆறு பங்குக்கு மேல் வந்து சேர்கிறது.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. நகரத்தின் ஒளி எல்லா அலைநீளத்திலும் விரிந்திருப்பதால், சன்னல் எங்கே நகர்ந்தாலும் அது 3 நானோமீட்டர் அளவுக்கு உள்ளே வந்துகொண்டே இருக்கும். இந்த நகர்வால் கூடுதலாகத் தடுக்கப்படுவது நெபுலாவின் ஒளி மட்டுமே. எல்இடி வெளிச்சத்தைத் தடுத்து நெபுலாவை விடுவதற்காக வாங்கிய பொருள், என் தொலைநோக்கியில் அதற்கு நேர்மாறாக நடந்துகொள்கிறது.

கணக்கு மட்டும் போதாது என்று தாங்கள் கருதக்கூடும் என்பதால் சோதித்தும் பார்த்தேன். எடுத்துக்கொண்டது ஒற்றைக்கொம்பன் விண்மீன் குழுவில் உள்ள ரோசெட் நெபுலா. பிப்ரவரி மாலைகளில் சென்னைக்கு ஏறக்குறைய உச்சியில் நிற்பதால் அடிவானத்து வெளிச்சம் அதை அதிகம் பாதிப்பதில்லை. முதலில் முழு வாயுடன் படமெடுத்தேன். பிறகு தடித்த அட்டையில் 140 மில்லிமீட்டர் விட்டத்துக்கு வட்டமாகத் துளை வெட்டி, அதைக் குழாயின் முன் பொருத்தி, அதே ஒளிபடு நேரம், கேமராவின் அதே கெயின் (மின்குறிப் பெருக்க) அமைப்பில் மீண்டும் எடுத்தேன். அட்டை விளிம்புக் கதிர்களை மட்டும் மறைக்கிறது. நடுவில் உள்ள கேமராவின் மறைப்பையும் கழித்துப் பார்த்தால், ஒளி நுழையும் பரப்பு முன்பிருந்ததில் மூன்றில் ஒரு பங்காகிறது. எனவே படத்தில் உள்ள அனைத்தும் மூன்றில் ஒரு பங்காக மங்க வேண்டும்.

விண்மீன்கள் அப்படியே மங்கின. வானத்தின் பின்னணி வெளிச்சமும் மங்கியது. பின்னணியைக் கழித்த பின் நெபுலாவின் சிவப்பு மட்டும் சிறிதளவே குறைந்தது. விண்மீன்களும் நகர வெளிச்சமும் எல்லா அலைநீளத்திலும் ஒளிர்வதால், சன்னல் நகர்ந்தாலும் அவற்றின் ஒளி உள்ளே வரும். ஒரே கோட்டில் ஒளிரும் நெபுலாவுக்கு அந்த வசதி இல்லை. தொலைநோக்கியின் பரப்பில் மூன்றில் இரண்டு பங்கை அட்டையால் மூடியும் நெபுலா அதிகம் மங்கவில்லை என்றால், அந்த மூன்றில் இரண்டு பங்கு வழியே வந்த நெபுலா ஒளியைத் தங்கள் ஃபில்டர் ஏற்கெனவே அடைத்துவைத்திருந்தது என்பதைத் தவிர வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை. பழைய 7 நானோமீட்டர் ஃபில்டரைப் பொருத்தி இதே சோதனையைச் செய்தபோது நெபுலா ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. அதுவும் கணக்கோடு ஒத்துப்போகிறது. பதப்படுத்தாத மூலக் கோப்புகள் அனைத்தையும் இணைத்திருக்கிறேன். தங்கள் தொழில்நுட்பப் பிரிவில் யாரேனும் ஒருவர் அவற்றைத் திறந்து அளந்து பார்க்கக் கேட்டுக்கொள்கிறேன். இதுவரை யாரும் திறக்கவில்லை என்றே வந்த பதில்களிலிருந்து தெரிகிறது.

அந்தப் பதில்களுக்கு வருகிறேன். முதல் பதில், குவியத்தைச் சரிசெய்யுமாறு அறிவுறுத்தியது. எஃப்/2-இல் குவியம் பிசகக்கூடிய எல்லை பத்து மைக்ரான் அளவே என்பதை நானும் அறிவேன். ஒவ்வொரு முறையும் பாஹ்தினோவ் மறைப்பு (குவியத்தைத் துல்லியமாகச் சரிபார்க்க உதவும் கீற்றுத் தட்டு) வைத்துத்தான் குவியம் பார்க்கிறேன். அது இருக்கட்டும், குவியம் சற்றுத் தவறினால் விண்மீன்கள் பெருக்குமே தவிர, ஒரு பாகைக்கும் மேல் பரந்து கிடக்கும் நெபுலாவின் பரப்பு ஒளி குறையாது. இரண்டாவது பதில், சென்னையில் ஒளி மாசு அதிகம் என்பதால் ஜவ்வாது மலை போன்ற இருண்ட இடத்துக்குச் சென்று படமெடுக்குமாறு பரிந்துரைத்தது. காவலூரில் வைணு பாப்பு வான்காணகம் அமைந்திருக்கும் மலை அது. அங்கே வானம் நன்றாக இருக்கும் என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் ஒளி மாசுக்கென்றே வடிவமைத்ததாகச் சொல்லி விற்ற பொருளை, ஒளி மாசு இல்லாத இடத்துக்குக் கொண்டுபோகச் சொல்வது என்ன நியாயம்? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கோணல் கூடத்தில் இல்லை, ஃபில்டரில் விழும் ஒளியில் இருக்கிறது. சுமார் 200 கிலோமீட்டர் கடந்து காவலூருக்குப் போனாலும் அந்த 14 பாகை 14 பாகையாகவே இருக்கும்.

மூன்றாவது பதிலில், என் ஃபில்டருடன் வந்த ஆய்வகச் சோதனை வரைபடத்தைச் சுட்டி, சன்னலின் மையம் சரியாக 656.3-இல் இருப்பதால் பொருளில் குறை இல்லை என்று எழுதியிருந்தார்கள். அந்த வரைபடத்தை நான் மறுக்கவில்லை. அது செங்குத்தாக விழும் ஒளியில் அளந்தது என்று அதன் ஓரத்திலேயே சிறிய எழுத்தில் இருக்கிறது. செங்குத்து ஒளியில் மையம் இவ்வளவு துல்லியமாகக் கோட்டின் மேல் இருப்பதுதான் எஃப்/2-க்கு இது பொருந்தாது என்பதற்கான சான்று. எஃப்/2-க்கென்று செய்யும் ஃபில்டரில், நகர்வை முன்கூட்டியே கணக்கிட்டு, சன்னலை மூன்று நானோமீட்டர் அளவுக்குச் சிவப்புப் பக்கம் தள்ளி வைப்பார்கள். சாய்ந்த ஒளி விழும்போது அது கோட்டுக்கு வந்து நிற்கும். அப்படிச் செய்தால் இதே 3 நானோமீட்டர் அகலத்தில் நெபுலா ஒளியில் பத்தில் ஏறக்குறைய எட்டுப் பங்கைப் பெறலாம் என்பது என் கணக்கு. அத்தகைய ஃபில்டர்கள் சந்தையில் இருக்கின்றன. அவற்றை எஃப்/7 தொலைநோக்கிக்கு விற்க முடியாது. அதுபோலத் தங்களுடையதை எஃப்/2-க்கு விற்க முடியாது. எஃப்/1.8 முதல் எஃப்/10 வரை ஒரே 3 நானோமீட்டர் ஃபில்டர் என்பது தாங்கள் மட்டுமல்ல, யாராலும் செய்ய இயலாத பொருள். எஃப்/7 ஒளிவிலக்கித் தொலைநோக்கி வைத்திருக்கும் ஒருவருக்கு இது அருமையான ஃபில்டராகவே இருக்கும் என்று சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை.

பிரகாசமான விண்மீன்களைச் சுற்றி ஒளிவட்டம் விழுகிறது என்பதையும் முந்தைய கடிதத்தில் குறிப்பிட்டிருந்தேன். அது இரண்டாம்பட்சம், அதை இங்கே வலியுறுத்தவில்லை.

உறை பிரிக்கப்பட்டுவிட்டதால் பொருளைத் திரும்பப் பெற இயலாது என்று கடைசியாக வந்த பதில் கூறுகிறது. உறையைப் பிரிக்காமல் ஒரு ஃபில்டரைச் சோதிக்கும் வழி எனக்குத் தெரியவில்லை. விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லாதபோது அதைத் திரும்பப் பெறவோ பணத்தைத் தரவோ மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. புகாரைப் பெற்றுக்கொண்டதை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும் என்பதும் அதே விதிகள்தாம்.

எனவே ஃபில்டரின் விலையையும் அஞ்சல் செலவையும் முழுமையாகத் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். பொருள் கீறலின்றி, அதன் பெட்டியுடனும் வரைபடத்துடனும் அனுப்பத் தயாராக இருக்கிறது. தங்கள் செலவில் எடுத்துச் செல்ல ஏற்பாடு செய்யவும். மாற்று ஃபில்டர் எதுவும் எனக்கு வேண்டாம். அதோடு, விற்பனைப் பக்கத்தில் உள்ள "எஃப்/1.8 முதல்" என்ற வாசகத்தை நீக்கி, எந்தக் குவிய விகிதம் வரை எத்தனை விழுக்காடு ஒளி வந்து சேரும் என்பதைச் சாய்ந்த ஒளியில் அளந்து வெளியிட வேண்டும். பணம் எனக்கு மட்டும் திரும்பி வந்து அந்த வாசகம் அங்கேயே இருந்தால், அடுத்து வாங்குபவரும் தன் ஊர் வானத்தின் மேல் பழியைப் போட்டுக்கொண்டு பேசாமல் இருந்துவிடுவார். இதுவரை வாங்கியவர்களில் எத்தனை பேர் அப்படி இருக்கிறார்களோ.

விதிகளில் குறித்த ஒரு மாதத்துக்குள் தீர்வு கிடைக்காவிட்டால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நான் வசிக்கும் இடத்துக்குரிய மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில், தவறான விளம்பரம் என்பதையும் சேர்த்து மனு அளிப்பேன். தங்கள் பதிலைத் தொழில்நுட்பப் பிரிவில் ஒருவர் கோப்புகளைப் பார்த்த பிறகு எழுத்து வடிவில் அனுப்பவும். தொலைபேசி அழைப்பு வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது நகல், விற்பனைப் பக்கத்தின் படப்பதிவு, சோதனை வரைபடத்தின் நகல், அட்டையுடனும் அட்டையின்றியும் எடுத்த மூலக் கோப்புகள், தங்கள் பிரிவுடனான கடிதப் போக்குவரத்து.