கமிட்டியில் இரண்டு பெண்களுக்கு இடம் கொடுங்கள், ஐயா

ஆயர் ஐயாவுக்கும் நம் திருச்சபைச் சேகரத்தை நடத்தும் கமிட்டிப் பெரியவர்களுக்கும் ஸ்தோத்திரம்.

போன மாதம் ஆயர் வீட்டு முற்றத்தில் நடந்ததை நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் எல்லோரும் இருந்தீர்கள். நானும், புருஷன் அடித்ததைச் சொல்ல வந்த அந்த அக்காவுக்குத் துணையாக வாசல் ஓரம் நின்றிருந்தேன்.

பதினோரு ஆண்கள் நாற்காலியில். அவர் நின்றுகொண்டே பேசினார். புருஷன் எங்கே அடித்தான் என்று கேட்டீர்கள். சேலைத் தலைப்பை இழுத்து இழுத்து மூடிக்கொண்டு, "முதுகுல" என்றார். முதுகு மட்டுமில்லை என்பது எனக்குத் தெரியும். முந்தின நாள் ராத்திரி மஞ்சள் பத்துப் போட்டவள் நான். மற்றதை அத்தனை ஆண்கள் முன்னால் அவர் எப்படிச் சொல்வார்? அவர் சொல்லாததால் "புருஷன் பொண்டாட்டி சண்டை" என்று முடிவு கட்டினீர்கள். "அவனுக்குக் கோபம் வர்ற மாதிரி நீ என்னம்மா பண்ணுன?" என்று ஒருவர் கேட்டார். போலீஸ், கோர்ட் எதுவும் வேண்டாம் என்றீர்கள். மனைவிகள் புருஷருக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்கிற எபேசியர் 5:22ஐ வாசித்து, ஜெபம் பண்ணி, அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்பினீர்கள்.

அதற்குப் பிறகுதான், கமிட்டியில் இரண்டு பெண்களாவது வேண்டும் என்று கேட்டேன். பெண்ணியம் வெளிநாட்டிலிருந்து வந்தது, வேதத்துக்கு ஒத்துவராது என்று பதில் வந்தது.

ஐயா, 22ஆம் வசனத்துக்கு முந்தின வசனத்தையும் வாசியுங்கள். "தெய்வ பயத்தோடே ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்" என்று இருக்கிறது. அது புருஷனுக்கும் சேர்த்துத்தான். ஆண்டவர் உயிர்த்த செய்தியைப் பெண்கள் ஓடிவந்து சொன்னபோது, அப்போஸ்தலருக்கு அது வீண்பேச்சாகத் தோன்றியது, அவர்கள் நம்பவில்லை என்று லூக்கா 24 சொல்கிறது. அன்றைக்கு அந்த முற்றத்தில் எனக்கு அந்த வசனம்தான் நினைவுக்கு வந்தது.

வெளிநாடு என்றால், 1948இல் மதுரையில் லேடி டோக் கல்லூரியைத் தொடங்கிய கேட்டி வில்காக்ஸ் அம்மாவும் வெளிநாட்டிலிருந்து வந்தவர்தான். நம் பெண்பிள்ளைகளை அங்கே படிக்க அனுப்பச் சந்தோஷப்படுகிறோம். 1869ஆம் வருடத்து விவாகரத்துச் சட்டத்தில், மனைவியின் விபச்சாரத்தை நிரூபித்தால் புருஷனுக்குப் போதுமாக இருந்தது. மனைவியோ விபச்சாரத்தோடு கொடுமை மாதிரி இன்னொன்றையும் சேர்த்து நிரூபிக்க வேண்டியிருந்தது. கிறிஸ்தவப் பெண்களுக்கு இருந்த இந்த அநியாயம் 2001இல்தான் நீங்கியது. பெண்கள் வாய் திறந்து கேட்காமல் அது மாறியிருக்குமா? தென்னிந்தியத் திருச்சபையில் 2013இலேயே ஒரு பெண் பேராயராகிவிட்டார். நம் சேகரத்தில் ஒரு பெண் கமிட்டியில் உட்காரக்கூடாதா?

உலை வைக்கும்போதெல்லாம் சபைக்கென்று பிடி அரிசி எடுத்து வைப்பது நாங்கள். சபை விருந்தான அசனத்துக்கு விடிய விடிய வெங்காயம் உரிப்பது நாங்கள். அந்த அரிசி விற்ற பணத்தை என்ன செய்வது என்று பேசும்போது எங்களை யாரும் கூப்பிடுவதில்லை. சரி, அதை இன்னொரு நாள் பேசிக்கொள்ளலாம்.

இப்போதைக்கு ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். கமிட்டியில் இரண்டு பெண்களுக்கு இடம் கொடுங்கள். அதற்குத் தேர்தல் வர வேண்டும் என்றால், அதுவரை குடும்பக் காரியம் விசாரிக்கும்போதாவது பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து இரண்டு பேரைக் கூப்பிடுங்கள். பெண்கள் மட்டும் இருக்கும் அறையில் அவர்கள் முதலில் கேட்கட்டும். 2005ஆம் வருடத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாப்பு கேட்கப் போகிற பெண்ணை விசுவாசமில்லாதவள் என்று சொல்லாதீர்கள்.

அந்த அக்கா இப்போது அம்மா வீட்டில் இருக்கிறார். அடுத்த கூட்டத்துக்கு அவரை மறுபடி கூப்பிடப் போவதாகக் கேள்விப்பட்டேன். தயவுசெய்து அவருக்கும் ஒரு நாற்காலி போடுங்கள், ஐயா.

இப்படிக்கு,
பெண்கள் ஐக்கிய சங்க உறுப்பினர் ஒருத்தி