இஞ்சாருங்கோ, கப்பலுக்கு ரிக்கெற் போட்டாச்சு

இஞ்சாருங்கோ,

நேரில் சொன்னால் பாதியில் எழும்பி மாட்டடிக்குப் போய்விடுவீர்கள். இங்கே எழுதினால் கடைசி வரி வரைக்கும் வாசிப்பீர்கள். காலையில் வேப்பமரத்தடியில் கதிரையைப் போட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனை மூக்குக்குக் கிட்டப் பிடித்தபடி நான் எழுதுவதையெல்லாம் வாசிக்கிறீர்கள் என்று மகள் சொல்லிவிட்டாள். அதனால் ஊருக்கு முன்னால் சொல்கிறேன்.

ஆனி உத்தரத்துக்குச் சிதம்பரம் போகிறோம். காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பல். இரண்டு பேருக்கும் போக, வர ரிக்கெற் போட்டாச்சு.

பாஸ்போட் இலக்கம் கேட்டார்கள். அதற்காக உங்கள் தலைமாட்டுப் பையை உங்களைக் கேட்காமல் திறந்தேன். மன்னியுங்கள். அந்தப் பையில் யாரும் கை வைப்பதில்லை என்று எனக்குத் தெரியாதா? காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், என் நியமனக் கடிதம், பிள்ளைகளின் சோதனைப் பெறுபேறுகள், எல்லாம் பொலித்தீனில் சுற்றி, றப்பர் போட்டு, எந்த நேரமும் தூக்கிக்கொண்டு ஓடக்கூடிய மாதிரி. ஏன் அப்படி வைத்திருக்கிறீர்கள் என்று நான் கேட்டதில்லை. கேட்கவும் தேவையில்லை. ஆனால் பாஸ்போட்டும் அதற்குள்ளேதான் கிடந்தது. மகன் வற்புறுத்தி எடுப்பித்த பாஸ்போட், ஒரு முத்திரைகூடக் குத்தாமல், புது வாசம் போகாமல். ஓடுவதற்கென்று கட்டிய பையிலிருந்து ஊர் பார்க்கப் போவதற்கு ஒரு பொருள் எடுத்தது இதுதான் முதல் தடவை. எடுத்தபோது அழுகை வந்தது. பிறகு நல்ல கோபமும் வந்தது.

ஏனென்றால் ஓய்வு பெற்றதும் ஊர் ஊராகப் போவோம் என்று சொன்னது நீங்கள். நான் கேட்கவில்லை. என் பிரியாவிடையில், அவ்வளவு சனத்துக்கு முன்னால், மைக்கைப் பிடித்துச் சொன்னீர்கள். எல்லோரும் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டல் இன்னும் என் கணக்கில் நிற்கிறது.

ஒருமுறை கூட்டிக்கொண்டு போனீர்கள், இல்லை என்று சொல்லவில்லை. ரிக்கெற் போட்ட நேரம் தொட்டு எனக்கு அந்தப் பதுளைப் பயணத்தின் நினைப்புத்தான். அரசாங்க உத்தியோகத்தருக்குத் தரும் இலவச ரயில் வாறண்டில் கிளிநொச்சியில் ஏறிக் கொழும்புக்குப் போய், கோட்டையில் மாறினோம். உங்கள் பையில் எங்கள் இருவரின் குளிசைகள், சித்தாலேப, காது மூடும் தொப்பி, ஒரு வாரத்துக்குக் காணும் முறுக்கு. ஒரு சீற்தான் கிடைத்தது, அதில் என்னை இருத்திவிட்டு நின்றீர்கள். ஹற்றனுக்குக் கிட்ட ஒரு பெடியன் எழும்பி, “சீயா, இருங்கோ” என்கிற மாதிரிச் சிங்களத்தில் மரியாதையாகச் சொன்னான். தாத்தா என்று கூப்பிட்டுவிட்டான் என்று உங்களுக்கு ரோசம். முழங்கால் வலியோடு நானுஓயா மட்டும் நின்றுகொண்டே வந்தீர்கள். ஊருக்கு வந்த கையோடு மீசைக்கு மை வாங்கியது எதற்கென்று எனக்குத் தெரியும். நரைத்த மீசைதான் உங்களுக்கு வடிவு, அதையும் இங்கேயே சொல்லிவைக்கிறேன்.

அம்பேவலையில் மலையெல்லாம் புல்லு. பெட்டிக்குள் எல்லோரும் “ஆஹா” என்கிறார்கள். நீங்கள் மட்டும், “இவ்வளவு புல்லும் சும்மா நிக்குதே!” என்று பெருமூச்சு விட்டீர்கள். உங்களுக்கு அப்போதே எங்கள் மாடு செவலையின் நினைப்பு வந்துவிட்டது. பட்டிப்பொலவில், இலங்கையிலேயே உயரமான ஸ்ரேசனில், 1,898 மீற்றர் உயரத்தில், யன்னலுக்குள்ளே முகில் வந்து என் முகத்தில் பட்டது. திரும்பிப் பார்த்தால் நீங்கள் போனுக்கு சிக்னல் தேடுகிறீர்கள்.

பிறகு எல்ல. ஸ்ரேசன் தாண்டியதும் சனமெல்லாம் யன்னலுக்கு வந்துவிட்டது. அந்தப் பாலத்தைப் பற்றி வழி நெடுக எனக்குப் பாடம் எடுத்தது நீங்கள். ஒன்பது வளைவு, 300 அடி நீளம், 1921இல் திறந்தது, இரும்பில்லாமல் கல்லும் செங்கல்லும் சீமெந்தும் வைத்துக் கட்டியது, பார்த்தால் பிறவிப் பயன் என்றெல்லாம். ரயில் ஊர்ந்து ஊர்ந்து பாலத்துக்கு வந்தது. சரியாக அப்போதுதான் உங்கள் போனுக்கு லைன் கிடைத்தது.

“செவலை தண்ணி குடிச்சவளோ? எத்தனை வாளி? தவிடு கரைச்சனியோ?”

ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை உங்கள் தோளுக்கு மேலால் எட்டிப் படம் எடுத்தது. நான் உங்கள் சேட்டைப் பிடித்து இழுத்தேன். நீங்கள் ஒரு விரலைக் காட்டி, “பொறும், கன்று என்னவாம் எண்டு கேட்கிறன்” என்றீர்கள். போனை வைத்து நிமிர்ந்தபோது வெளியே தேயிலைச் செடி நின்றது.

“பாலம் எங்கை?” என்று கேட்டீர்கள் பாருங்கோ! நான் சிரித்த சிரிப்பில் கண்ணீர் வந்துவிட்டது. பாஷை தெரியாத சனமும் சிரித்தது, கடைசியில் நீங்களும் சிரித்தீர்கள். தெமோதரையில் பாதை தன்னைத்தானே சுற்றி, ஸ்ரேசனுக்கு அடியாலேயே சுரங்கத்துக்குள் போகிறதே, அதைப் பார்க்கும்போது போனைப் பைக்குள் வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். அன்று இரவு பதுளையில் நீங்கள் சொன்னதை இங்கே எழுதமாட்டேன். என்னிடம் படித்த பிள்ளைகள் வாசிக்கிறார்கள். உங்கள் தங்கச்சியும் வாசிக்கிறா.

ஆனால் விடியக்காலை நாலு மணிக்கு எழுப்பி, “வீட்டை போவம்” என்றதை எழுதுவேன். நுவரெலியா பார்க்கவில்லை. சீதையம்மன் கோயில் பார்க்கவில்லை. கட்டிக்கொண்டு போன சேலைகளில் பாதி மடிப்புக் குலையாமல் திரும்பி வந்தது. எவ்வளவு ஆசைப்பட்டேன்!

மாட்டுக்காகத்தான் திரும்பினோம் என்று ஊரில் சொன்னீர்கள். நானும் அப்படியே சொன்னேன். செவலைக்கு முதல் நின்ற மாடுகளை, அந்த மாரியில், நீங்கள் கயிறு அறுத்து விட்ட இடத்தைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. நீங்களும் ஒருநாளும் கதைத்ததில்லை. அது தெரிந்துதான் இவ்வளவு காலமும் பேசாமல் இருந்தேன். ஆனால் அதே வழியால்தானே நானும் வந்தேன்? வீட்டை விட்டு வெளிக்கிட்ட எத்தனை தரம் திரும்பி வரும் திகதி எங்களுக்குத் தெரிந்திருந்தது? எனக்கு அப்படி ஒருதரம் போக வேண்டும். வரும் திகதி அடித்த ரிக்கெற்றோடு போய், அதே திகதிக்கு வந்து, எங்கள் படலையை நானே திறக்க வேண்டும். உங்களோடு.

நீங்கள் சொல்லப்போகும் சாட்டு எல்லாம் எனக்குத் தெரியும். சிறுபோகம் என்பீர்கள். இந்த முறை தண்ணீர் எங்கள் பக்கத்துக்கு இல்லை என்று கூட்டத்தில் முடிவாகிவிட்டது. குளம் 36 அடி நிற்கிறதா இறங்கிவிட்டதா என்று தினமும் போய்ப் பார்க்க வேண்டியதும் இல்லை. கிளினிக் திகதி? மாற்றிவிட்டேன். கப்பலை நம்பேலாது என்பீர்கள். சரிதான், 2023 ஒக்டோபர் 14இல் ஓடத் தொடங்கி ஒரு கிழமைக்குள் நின்றபோது, “சொன்னனானே!” என்று சந்தோசப்பட்ட ஒரே ஆள் நீங்கள்தான். அது மாரிக் கடல். அடுத்த ஆவணியில் திரும்பவும் தொடங்கிவிட்டார்கள். நாலு மணித்தியாலம் மட்டில்தான் பயணம், கொழும்புக்கு பஸ்ஸில் போவதைவிடக் குறைவு. அம்மா தலைமன்னாரில் ஏறித் தனுஷ்கோடியில் இறங்கிச் சிதம்பரம் போன கதை உங்களுக்கு மனப்பாடம், விடுகிறேன். அந்தக் கரையை 1964 மார்கழிப் புயல் கொண்டுபோய்விட்டது. எனக்கு இந்தக் கப்பல்தான் இருக்கிறது.

செவலையைப் பக்கத்து வீட்டுத் தம்பி பார்ப்பான். கேட்டுவிட்டேன். எத்தனை வாளி, எப்போது தவிடு, எல்லாம் கொப்பியில் எழுதியும் கொடுத்துவிட்டேன். தெரியாத ஊரில் எப்படி என்பீர்கள். உங்களுக்குப் பலகையில் உள்ளது கண்ணுக்குத் தெரியாது, எனக்கு ஒலிபெருக்கியில் சொல்வது காதில் விளங்காது. நான் வாசிக்கிறேன், நீங்கள் கேளுங்கள். நல்ல சோடி.

இன்னொன்று. நாகப்பட்டினத்திலிருந்து காரைக்கால் வழியாகப் போனால் சீர்காழிக்கு முன்னால் திருக்கடையூர் வரும். மார்க்கண்டேயரை யமனிடமிருந்து காப்பாற்றிய தலம். அறுபதில் மணிவிழா, எழுபதில் பீமரத சாந்தி, எண்பதில் சதாபிஷேகம் என்று எங்கெங்கோ இருந்தெல்லாம் சோடி சோடியாக வருவார்கள். உங்கள் மணிவிழா அரிவு வெட்டோடு போய்விட்டது. இப்போது எழுபது வந்துவிட்டது. திரும்பவும் மாலை மாற்றித் தாலி கட்டுவிப்பார்கள். எனக்குப் பூரண சம்மதம். ஆனால் பாலத்தில் போன் கதைத்த மனிசனுக்கு இரண்டாந்தரம் கழுத்து நீட்டுவதென்றால் ஒரு நிபந்தனை: அந்தப் போனுக்கு ரோமிங் போடுவதில்லை.

நீங்கள் வராவிட்டாலும் நான் போவேன். வெருட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். பக்கத்து சீற் வெறுமையாக இருக்கும், நான் சிதம்பரம் பார்த்துவிட்டு வருவேன், பிறகு அந்தக் கதையை நீங்கள் ஆயுசு முழுக்கக் கேட்க வேண்டிவரும்.

விசாப் படிவம் சாமித்தட்டில் பிள்ளையார் படத்துக்குக் கீழே இருக்கிறது. பென்சிலால் புள்ளடி போட்ட இடத்தில் கையெழுத்து வையுங்கள். நாளைக்குப் பால் கொடுத்துவிட்டு வந்ததும் ஸ்ரூடியோவுக்குப் படம் எடுக்கப் போகிறோம். மீசைக்கு மை பூசுவதென்றால் நன்றாகக் காய்ந்த பிறகு அந்த வெள்ளைச் சேட்டைப் போடுங்கோ.