சண்டையை மூட்டுவதும் அடக்குவதும்

அன்புள்ள மாலதி,

பதில் போடத் தாமதமானதற்குச் சாக்கு எதுவும் கைவசம் இல்லை. திட்டுவதை நேரில் வைத்துக்கொள். கவிதா வேலையில் சேர்ந்ததில் ரொம்ப சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முடக்குவாதத்துக்கு ஸ்டீராய்டு சாப்பிட்டுக்கொண்டே, எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் பொடியும் வாங்கப்போகிறாயாமே! உன் மூட்டில் நடப்பதே எதிர்ப்புச் சக்தியின் அட்டகாசம்தானே அம்மணி? இன்னும் கூட்டி என்ன செய்யப்போகிறாய்?

நோயெதிர்ப்புச் செல்களுக்குள் என்எஃப்-கப்பா-பி என்றொரு புரதம் இருக்கிறது. 1986இல் ரஞ்சன் சென்னும் டேவிட் பால்டிமோரும் கண்டுபிடித்தது. சாதாரண நேரத்தில் ஐ-கப்பா-பி என்ற இன்னொரு புரதம் அதை உட்கருவுக்குள் போகவிடாமல் பிடித்து வைத்திருக்கும். கிருமியின் துணுக்கு ஒன்று, அதை உணர்வதற்கென்றே செல்லில் உள்ள ஏற்பியில் பட்டால் போதும்; உள்ளே ஒரு புரதம் அடுத்ததைத் தட்டியெழுப்ப, கடைசியில் அந்தக் காவல் புரதம் சிதைந்துபோகிறது. விடுபட்ட என்எஃப்-கப்பா-பி நேரே உட்கருவுக்குள் போய் டிஎன்எஃப், இன்டர்லியூக்கின்-6 போன்ற அழற்சியைத் தூண்டும் புரதங்களின் மரபணுக்களை முடுக்கிவிடும். அப்புறமென்ன, அழற்சிதான்: வீக்கம், வலி, காய்ச்சல்.

நான் அசந்துபோனது இதற்கடுத்த கட்டத்தில்தான். அது முடுக்கிவிடும் மரபணுக்களில் ஐ-கப்பா-பியினுடையதும் ஒன்று! புதிதாக உருவான ஐ-கப்பா-பி உட்கருவுக்குள்ளேயே போய் அதை வெளியே இழுத்துவந்துவிடும். விடுதியில் நம் ராஜி சண்டையை மூட்டிவிட்டு அவளே வார்டனையும் கூட்டிவருவாளே, அதேதான். போதாதென்று ஏ20 என்ற அடக்கும் புரதத்தையும் என்எஃப்-கப்பா-பியே வரவழைக்கிறது. ஏ20 இல்லாத எலிகள் பல உறுப்புகளில் கடும் அழற்சி கண்டு இளசிலேயே செத்துப்போயின. மனிதர்களுக்கு ஏ20-க்கான மரபணுவின் ஒரு பிரதி பழுதானாலே சிறுவயது முதல் வாய்ப்புண்ணும் காய்ச்சலும் திரும்பத் திரும்ப வரலாம். அதற்காக அழற்சியே வேண்டாமென்றும் சொல்ல முடியாது. ஏற்பியிலிருந்து சமிக்ஞையைக் கடத்தும் ஐராக்-4 என்ற புரதம் இல்லாமல் பிறக்கும் குழந்தைகளுக்குச் சில பாக்டீரியாக்களே எமனாகிவிடுகின்றன. இதில் போய் கூட்டுகிறேன், குறைக்கிறேன் என்று ஒரு டப்பாப் பொடி!

விளையாட்டு போதும். ஸ்டீராய்டு செய்கிற வேலைகளில் ஒன்று இந்த என்எஃப்-கப்பா-பியை அடக்குவது. பொடியை நம்பி ஸ்டீராய்டை நீயாக நிறுத்திவிடாதே, மாலதி. நாள்பட எடுத்தால் உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டான கார்டிசாலின் சுரப்பைக் குறைத்துக்கொண்டுவிடும். சட்டென்று விட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம். எதுவானாலும் டாக்டரிடம் கேட்டுச் செய்.

போன ரத்தப் பரிசோதனையில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி புரதம் எவ்வளவு என்று எழுதவே இல்லையே? இன்டர்லியூக்கின்-6 தூண்டித்தான் கல்லீரல் அதைச் சுரக்கிறது. மறக்காமல் எழுது.

அன்புடன்,
வசந்தி